வீட்டுத் தோட்டம்: பந்தலில் வாடிய முல்லை

சித்திரை, வைகாசியில் உதகமண்டலம் போய் வருகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கியது போக, தொட்டியில் வைத்த ஹைட்ராஞ்சியாச் செடி ஒன்றையும் மடியில் இருத்திக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த நீலப் பூக்கொத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கொண்டையூசி வளைவுகளையெல்லாம் பத்திரமாகக் கடந்து கோயமுத்தூர் வந்து சேர்ந்த அந்தச் செடி, ஐப்பசி பிறப்பதற்குள் எனக்கு ஒரு கடிதமாக வந்து சேரும். "நீலப் பூ ரோஜா நிறமாகிவிட்டது. இலையெல்லாம் மஞ்சளாக வெளுக்கிறது. நாங்கள் செய்த குற்றம் என்ன?"

குற்றம் ஒன்றுமில்லை. நீலகிரி மண் புளிப்பு மண். அங்கே தேயிலை செழிப்பதும் அதனாலேதான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டும். அது பூவில் ஏறினால் நீலம். சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணில் அது கரைவதில்லை. ஆகவே பூ ரோஜா நிறம் கொள்கிறது. ஒரே செடி மலையில் ஒரு வர்ணமும் தரையில் ஒரு வர்ணமும் காட்டுவதைப் பார்த்துவிட்டு, இது கட்சி மாறுகிற ஜாதி என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். செடிக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? கிடைத்ததைக் குடித்துக் கிடைத்த நிறத்தில் பூக்கிறது, அவ்வளவே.

சென்ற ஐப்பசியில் வந்த கடிதங்களுள் ஒன்று சற்று வேறு விதமாக இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி எழுதியிருந்தார். அவர் மகள் கொண்டுவந்த நீல ஹைட்ராஞ்சியா வழக்கம்போல் வெளுத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிய புகார் பாதிப் பக்கம். மீதிப் பாதியில், சுவரில் தானே பற்றி ஏறும் ஹைட்ராஞ்சியாக் கொடி ஒன்று உண்டாமே, அதை வரவழைத்து எங்கள் மதிலில் ஏற்றலாமா, ஏற்றினால் பிழைக்குமா என்று கேட்டிருந்தார்.

அப்படி ஒரு கொடி உண்டு என்பது வாஸ்தவம். ஜப்பான், கொரியா தேசங்களின் மலைக்காடுகளில் வளர்வது அது. நம் மிளகுக் கொடியும் வெற்றிலைக் கொடியும் கணுவேரால் மரத்தைப் பற்றுகின்றன அல்லவா? அதுபோலவே இதுவும் தண்டிலிருந்து வேர் விட்டுச் சுவரைக் கவ்விக்கொண்டு பதினைந்து மீட்டர் உயரம்கூட ஏறிவிடும். வெள்ளைப் பூக்கள் தட்டுத் தட்டாக விரியும். நட்ட முதல் சில வருஷங்கள் மேலே ஒரு அசைவும் தெரியாது. வேர் ஊன்றுவதிலேயே காலம் கழிக்கும். பொறுமையற்றவர்கள் அது செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்துவிடுவதும் உண்டு. ஆனால் அதற்குப் பனிக்காலத்தில் இலையுதிர்த்து நன்றாக உறங்க வேண்டும். கோடையில் குளிர்ந்த ஈர மண்ணும் நிழலும் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், பங்குனியிலேயே சுவர் கொதிக்கத் தொடங்கும் ஊரில் அதை ஏற்றுவது அதற்குச் செய்கிற உபகாரமன்று. இதை இரண்டு வரியில் எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்திருப்பேன். ஆனால் கடைசியில் பின்குறிப்பாக ஒரு வாக்கியம் இருந்தது.

"அந்த இடத்தில் இப்போது என் மாமியாரின் முல்லைக்கொடி இருக்கிறது. மூன்று வருஷமாகப் பூப்பதில்லை. அதை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும்."

பின்குறிப்பில் எழுதப்படும் விஷயங்களே பெரும்பாலும் முக்கியமானவை என்பது என் அநுபவம். மறு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்விட்டேன்.

பழைய வீடு. முன்னால் திண்ணை, பக்கத்தில் ஒரு முற்றம். முற்றத்து மூலையில் கையளவு பருமனுள்ள நான்கு தண்டுகள் முறுக்கிக்கொண்டு எழுந்து, இரும்புக் குழாயில் கட்டிய பந்தலின்மேல் படர்ந்திருந்தன. படர்ந்திருந்தன என்றால் சுள்ளி படர்ந்திருந்தது. நுனியில் மட்டும் கொஞ்சம் இலை, அதுவும் மஞ்சள். பூ என்று சொல்ல ஒன்றுமில்லை. அடியில் முற்றம் முழுதும் சிமெண்டுத் தளம். கொடியின் கழுத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத்தான் மண் தெரிந்தது. மழை பெய்தால் சேறாகிறதென்று நாலைந்து வருஷத்துக்கு முன் தளம் போட்டார்களாம்.

மாமியாருக்கு எண்பது வயது இருக்கும். நான் கொடியைச் சுற்றிச் சுற்றி வருவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே பேச்செடுத்தார்.

"எங்க ஆத்தா வூட்டுக் கொடிங்க தம்பி. அந்த ஊரு இப்பத் தண்ணிக்குள்ள இருக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பவானிசாகர் அணை 1948-ஆம் ஆண்டில் தொடங்கி 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுதந்திரம் வந்த கையோடு தேசம் எடுத்துக்கொண்ட பெரிய காரியங்களுள் அது ஒன்று. கீழ்பவானிக் கால்வாயில் தண்ணீர் ஓடி, மானாவாரிச் சோளம் விதைத்துக்கொண்டிருந்த கொங்கு நாட்டுக் காடுகள் நெல் வயலும் மஞ்சள் காடுமாயின. அணை நீர் பரவியபோது டணாயக்கன் கோட்டையும் அதைச் சுற்றியிருந்த சில கிராமங்களும் மூழ்கின. கோடையில் நீர் மிகவும் வற்றிப்போகும் வருஷங்களில் அங்கேயுள்ள பழைய கோயில் தலைகாட்டுவதைச் சத்தியமங்கலத்துக்காரர்கள் போய்ப் பார்த்து வருவார்கள். மூழ்கிய ஊர்களில் ஒன்றில் பிறந்தவர் இந்த அம்மையார். ஊரைக் காலி செய்தபோது அவருடைய தாயார் சட்டி பானைகளோடு முற்றத்து முல்லையிலிருந்து ஒரு பதியத்தையும் ஓலைக்கூடையில் வேரோடு எடுத்து வந்தாராம். புது ஊரில் அதை நட்டு, மகளுக்குக் கலியாணமானபோது அதிலிருந்து ஒரு கன்றைச் சீதனத்தோடு அனுப்பினாராம். சத்தியமங்கலத்துச் சீமையில் பூ என்பது விளையாட்டல்ல. மல்லிகையும் முல்லையும் ஏக்கர் ஏக்கராகப் பயிராகி விடியற்காலையில் சந்தைக்குப் போகிற ஊர் அது. ஆயினும் இந்தக் கொடி சந்தைக்கு வளர்ந்ததல்ல.

மருமகளுக்கு இந்தச் சரித்திரம் தெரியாமலில்லை. "அத்தைக்கு வருத்தம்தானுங்க. ஆனா பூக்காத கொடிய வெச்சுட்டு என்ன பண்றதுங்க? எலையெல்லாம் கொட்டிக் குப்பையாகுது" என்றார். இரு பக்கமும் நியாயமிருந்தது. வீட்டைக் கூட்டுகிறவர் அவர்தானே?

முல்லையைப் பிழைக்க வைக்க முயன்ற முதல் தமிழன் பாரி என்று சொல்லலாம். பறம்பு மலைத் தலைவன் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுவிட்டு நடந்து போனான் என்பது சிறுபாணாற்றுப்படையிலேயே இடம் பெற்றுவிட்ட செய்தி. கொங்கு நாட்டாருக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. கடையெழு வள்ளல்களில் மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் நம் பழனிப் பக்கத்தவன், ஓரி கொல்லிமலைக்காரன், அதியமான் தகடூரான். முல்லைக்கு உதவியவன் மட்டும் சிவகங்கைச் சீமைப் பிரான்மலைக்குப் போய்விட்டான்! இருக்கட்டும். பாரியின் வைத்தியத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. முல்லைக்குப் பற்றுவேரும் கிடையாது, பற்றுச்சுருளும் கிடையாது. மெலிந்த தண்டு எதன்மேலாவது சாய்ந்து சுற்றிக்கொண்டுதான் எழ வேண்டும். ஆகவே ஹைட்ராஞ்சியாக் கொடியைப்போல வெறும் மதிலில் அதை ஏற்ற முடியாது. பந்தலோ கம்போ கட்டாயம் வேண்டும். பாரி அதைக் கவனித்துச் செய்தான். நானோ, பந்தல் சரியாக இருக்கிறது, ஆகவே குறை எருவில்தான் என்று உடனே தீர்மானித்துவிட்டேன்.

அங்கேதான் பிழை செய்தேன். மக்கிய சாணி எருவும், அதோடு ஒரு கைப்பிடி யூரியாவும் போட்டு நன்றாகத் தண்ணீர் விடும்படி சொல்லிவிட்டு வந்தேன். கார்த்திகை முடிவில் மறுபடி கடிதம். இலை நிறைய வந்திருக்கிறது. எல்லாம் முன்னிலும் வெளுப்பு. மொட்டு ஒன்றுகூட இல்லை. இருபது வருஷம் தோட்டப் பகுதி எழுதியவனுக்கு இந்த அடி வேண்டியதுதான். பசித்தவன் வயிற்று வலிக்காரன் என்று தெரியாமல் விருந்து வைத்த கதை.

பொங்கல் கழிந்து மீண்டும் போனபோது எருவைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று சும்மா உட்கார்ந்து பார்த்தேன். காப்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மருமகள் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்து கொடியின் அடியில் ஊற்றினார். ஹைட்ராஞ்சியாத் தொட்டிக்கும் ஒரு செம்பு.

"அது என்ன தண்ணீர் அம்மா?"

"சுத்திகரிக்கிற மெஷின்ல கழிவா வர்ற தண்ணிங்க. வீணாப் போகுதேன்னு செடிக்கு ஊத்தறோம். மூணு வருஷமாச் சொட்டு வீணாக்கறதில்லைங்க."

மூன்று வருஷம்! கொடி பூக்காததும் மூன்று வருஷம்.

இந்த இயந்திரம் இப்பொழுது எத்தனையோ வீடுகளில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை அது ஒரு மெல்லிய சவ்வின் வழியே பிழிகிறது. சவ்வைக் கடந்து வருவது குடிநீர். கடக்க முடியாத உப்பும் சுண்ணாம்பும் மற்றொரு குழாய் வழியே மிச்சத் தண்ணீரோடு வெளியேறுகின்றன. ஆகவே அந்தக் கழிவு நீரில், கிணற்றுத் தண்ணீரில் இருந்ததைவிடக் காரசாரம் அதிகம். பாத்ரூம் கழுவலாம், தரை துடைக்கலாம். தினந்தோறும் ஒரே செடிக்கு ஊற்றினால் அது மெதுவாகக் கொடுக்கும் விஷம். கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் ஊர்களில் இவ்வளவு தொல்லை இராது. இந்த வீட்டுக் கிணறு அப்படிப்பட்டதல்ல; வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த சுண்ணாம்பே சாட்சி. சிக்கனத்தால் வந்த வினை. அந்த அம்மாளைப் பார்த்து இதைச் சொல்வதற்குள் எனக்குத்தான் நா எழவில்லை.

இனி நோயின் வழியைச் சொல்கிறேன். கொடியின் கொழுந்திலைகளைப் பறித்துப் பார்த்தால், நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு இடைப்பட்ட பாகம் மஞ்சளாகவும் இருந்தது. அடி இலைகள் அவ்வளவு மோசமில்லை. இது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் வெளுக்கும்; நான் முதல் தடவை இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்க வேண்டும். கோயமுத்தூர் மண்ணில் இரும்பே இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. சுக்கான் கல் கலந்த கரிசலில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதால், இரும்பு கரையாத துருவாகி முடங்கிவிடுகிறது. பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்துக் கையைக் கட்டிவிட்டாற்போல! ஹைட்ராஞ்சியா வெளுத்ததும் இதே காரணத்தால்தான். மலையிலிருந்து வந்த செல்லப் பிள்ளைக்கும் மூழ்கிய ஊரிலிருந்து வந்த பழைய கொடிக்கும் ஒரே வியாதி.

செடிக்கு இரும்பு வேண்டுமென்று சிலர் துருப்பிடித்த ஆணிகளை அடியில் புதைப்பார்கள். இது பிரயோஜனமில்லை. துரு என்பதே கரையாத இரும்பு. மண்ணில் ஏற்கெனவே முடங்கிக் கிடப்பதோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். வைத்தியர்கள் செந்தூரத்துக்கு வாங்குவது. அதைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளித்தால் மண்ணின் தயவில்லாமலே இரும்பு உள்ளே போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு சில துளி எலுமிச்சம்பழச் சாறு. சாறு விடாவிட்டால் கரைசல் நிறம் மாறித் துருவாகிவிடும். கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை. வெள்ளையடித்த சுவரில் பட்டால் காவி நிறமாகும். இதை முன்னாலேயே சொல்லாமல் விட்டதற்கு நான் அந்த வீட்டில் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

ஆனால் இலைமேல் தெளிப்பது முதலுதவிதான். வேர் இருக்கும் இடம் மாற வேண்டும். ஒரு கொத்தனாரை வரவழைத்து, கொடியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குத் தளத்தை உடைத்தெடுத்தோம். கீழே மண் கல்லாக இறுகியிருந்தது. மேல்பரப்பில் உப்பு பூத்திருந்தது. மண்வெட்டி போட்டு வேரைக் காயப்படுத்தாமல், முள்கரண்டியால் அரையடி ஆழம் மட்டும் மெல்லக் கிளறிவிட்டு, அந்த உப்பு மண்ணை அள்ளி எறிந்தோம். செம்மண், மக்கிய எரு பத்துக் கிலோ, இரண்டு பிடி வேப்பம் புண்ணாக்கு. கொஞ்சம் மண்ணைப் பொட்டலம் கட்டி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பிவைத்தேன். 1906 முதல் கோயமுத்தூரில் நடந்துவரும் விவசாயக் கல்லூரிதான் 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வளவு பக்கத்தில் அப்படியொரு ஸ்தாபனம் இருக்க, நம்மவர்கள் செடிக்கு வைத்தியம் பார்க்கப் பக்கத்து வீட்டாரைக் கேட்பது எனக்கு விளங்காத சங்கதி. வந்த தாளில் காரநிலை எட்டுக்கு மேலே நின்றது. எதிர்பார்த்ததுதான்.

அடுத்த கேள்வி தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் சில நாளுக்கு ஒருமுறை வரும் குடிநீரில் நாலு குடம் இதற்கென்று ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். மருமகள் தயங்கினார். அந்தத் தண்ணீர் பில்லூரிலிருந்து வருவது. பில்லூர் அணை பவானியாற்றில் பவானிசாகருக்கு மேலே உள்ளது என்று பேச்சோடு பேச்சாக நான் சொன்னேன். திண்ணையிலிருந்து பதில் வந்தது.

"அப்ப அது எங்க ஆத்துத் தண்ணிதானுங்களா?"

அதன்பிறகு குடத்தைப் பற்றி யாரும் தயங்கவில்லை. முதல் இரண்டு வாரம் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்கினோம். பிறகு மண் காய்ந்து விரல் கணு ஆழம்வரை ஈரமில்லாதபோது மட்டும். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைக் குழாய் வைத்து இங்கே திருப்பிவிடுவதாகவும் ஏற்பாடு.

மிஞ்சியது வெட்டு. முல்லை புதுத் தளிரின் நுனியிலும் கணுவிலும்தான் பூக்கும். பழஞ்சுள்ளி எவ்வளவு இருந்தாலும் நிழலுக்குத்தான் உதவும். ஆகவே தை நடு வாக்கில், அதாவது ஜனவரி இறுதியில், வயலில் முல்லையைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு மீதியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். மல்லிகைக்குக் கார்த்திகை, முல்லைக்குத் தை. இதை மாற்றிச் செய்து ஒரு வருஷப் பூவை இழந்தவர்கள் அநேகம். வயலில் சரி, ஆனால் அறுபது வருஷக் கொடியை, அதுவும் மெலிந்து கிடப்பதை, அடியோடு வெட்டத் துணிவு வரவில்லை. அம்மையாரின் முகத்தைப் பார்த்தபின் இருந்த துணிவும் போய்விட்டது.

"வெட்டினா மறுக்காத் துளுக்குமுங்களா? இல்ல, இதோட போயிருமா? நெசத்தச் சொல்லுங்க."

நிஜத்தைச் சொன்னேன். துளிர்க்கும் என்று நினைக்கிறேன்; துளிர்க்காமலும் போகலாம். அதனால் வெட்டுவதற்கு முன்னால் பதியம் போட்டுவிடுவோம் என்றேன். நான்கு தண்டுகளில் கொஞ்சம் உயிர்ப்பான ஒன்றின் கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே சிறிது சீவி, மண் நிரப்பிய தொட்டியில் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்தோம். இப்படி மூன்று தொட்டி. முல்லை மூன்று, நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். பிறகு தாய்க்கொடியிலிருந்து அறுத்தெடுக்கலாம். அந்த அம்மையாரின் தாயார் ஓலைக்கூடையில் செய்ததும் இதுவேதான். அவருக்கு நான் ஒன்றும் புதிதாகக் கற்றுத்தரவில்லை; செங்கல்லை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமென்று அவர்தான் சொன்னார்.

பிறகு நான்கில் மிகவும் பட்டுப்போன இரண்டு தண்டுகளை மட்டும் முழங்காலுக்குக் கீழே வெட்டினோம். மற்ற இரண்டையும் அடுத்த தையில் பார்த்துக்கொள்வது என்று தீர்மானம். புத்தகத்துக்கு இது ஒத்துவராது. ஆனால் ஒரே கொடி உள்ள வீட்டில் நான் இந்த முறையைத்தான் சொல்வேன். வெட்டிய கிளைகளில் சில இலைகள் வெள்ளைக் கம்பளிபோல் பூத்துச் சுருண்டிருந்தன. இது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேனின் வேலை. முல்லைக்கு இதனிடம் பயம் அதிகம். இந்த இலைகளைக் குப்பையில் போடாமல் எரித்துவிட வேண்டும். மிஞ்சிய கொடிக்கு நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளித்தோம், உச்சி வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து. புதிதாக முல்லை வைக்கிறவர்கள் கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த 'பாரிமுல்லை' ரகத்தைக் கேட்டு வாங்கலாம். அது இந்தப் பேனை ஓரளவு தாங்கும். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல ரசனை.

பூச்சி மருந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. மொட்டு ஊதா நிறம் படிந்து விரியாமல் உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக் கொடியில் அந்த மொட்டுகளைக் கையால் பறித்து அழிப்பதே போதும். தலையில் சூடவும் சுவாமிக்குச் சாத்தவும் போகிற பூவில் கடும் விஷத்தைத் தெளிக்கிறவர்களோடு எனக்கு வாதம் கிடையாது. அவர்கள் வீட்டில் பூ வாங்கிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

மாசி பாதியில் மருமகளிடமிருந்து தொலைபேசி. வெட்டிய இரண்டில் ஒன்று துளிர்த்திருக்கிறது. மற்றொன்றில் ஒன்றும் காணோம். பங்குனியில் அந்த மற்றொன்று காய்ந்து உளுத்தே போயிற்று. அறுத்து எடுத்துவிட்டார்கள். துளிர்த்த தண்டிலிருந்து ஆறு கொழுந்துகள் கிளம்பிப் பந்தலைத் தொட்டிருந்தன. இலை நல்ல பச்சை. முல்லை இலையின் காம்போரத்தில் இரண்டு சிறு இலைகள் காதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாஸ்திரப் பெயர் வைத்தவர்கள் 'காதுடையது' என்ற பொருளில் லத்தீனில் பெயரிட்டது அதனாலேதான். அந்தக் காதுகள் நன்றாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பியிருந்தாள் பேத்தி. சித்திரை பிறந்து இரண்டு வாரம் சென்றபின் மொட்டு.

வைகாசியில் ஒரு மாலை அங்கே போயிருந்தேன். ஆறு மணி சுமாருக்கு முல்லை விரியத் தொடங்கும். எண்ணினால் ஒரு கை நிறையக்கூட இராது. பழைய நாளில் தினம் ஒரு கூடை பறிப்பார்களாம். அம்மையார் திண்ணையில் வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மருமகள்தான் ஸ்டூல் போட்டு ஏறிப் பறித்தார். அரை முழத்துக்குத்தான் வந்தது. அதில் பாதியைச் சுவாமி படத்துக்குச் சாத்திவிட்டு மீதியை மருமகளின் தலையில் தாமே வைத்துவிட்டு, "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் வருமுங்க" என்று என்னிடம் சொன்னார்.

சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவு நீர் இப்போது வாசல் கழுவப் போகிறது. ஹைட்ராஞ்சியாவைத் தென்னை நார்க்கழிவும் இலைமக்கும் கலந்த தொட்டிக்கு மாற்றி, அன்னபேதி தெளித்துப் பார்த்தோம். இலை பச்சையாயிற்று; ஆனால் சித்திரை வெயிலில் நாள்தோறும் நடுப்பகலில் தலை தொங்கிற்று. கோத்தகிரியில் இருக்கும் உறவினர் ஒருவர் வந்தபோது அவர் காரிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அங்கே அது சௌக்கியமாக இருக்கிறதாம். பூ இன்னும் ரோஜா நிறந்தான், நீலமாக இன்னும் ஒரு பருவமாவது ஆகும். பதியம் போட்ட மூன்றில் இரண்டு வேர் பிடித்தன. ஒன்றைப் பேத்தி பெங்களூருக்குக் கொண்டுபோயிருக்கிறாள், ஐந்தாவது மாடி பால்கனியில் வைக்க. மற்றொன்று என் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மூங்கில் கழியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பந்தல் போட ஆள் சொல்லியிருக்கிறேன்.